நெய்ப்பந்தம் பிடிக்க ஆள்

பெரியப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது துணி கிழிபடும் சத்தம்தான். சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே ஓர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். வெளுத்துப்போன பழைய வேட்டி ஒன்றின் கரையைப் பல்லால் கடித்து, சர்ரென்று நீளவாக்கில் கிழிப்பார். அந்தத் துண்டை மூங்கில் குச்சியின் நுனியில் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, நெய்யில் முக்கி, முறத்தில் வரிசையாக அடுக்குவார். உள்ளே பெண்கள் மாரடித்துக்கொண்டிருப்பார்கள், தெருவில் மேளம் காதைப் பிளக்கும். இவர் எதற்கும் நிமிர மாட்டார். பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால் செத்தவரின் பேரன் பேத்திகள் ஆளுக்கொன்றாகக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்கிற நெய்ப்பந்தம் அது. போகிறவருக்கு வழியில் வெளிச்சம் வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் நன்றாக வாழ்ந்தாரா என்பதை அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் ஊர் முடிவு செய்யும். வீடு வாசல், நகை நட்டு எல்லாம் அப்புறம்.

பெரியப்பா திண்டிவனத்தில் கட்டட மேஸ்திரி. பந்தம் கட்டுவது அவர் தொழில் இல்லை, யாரும் அவரிடம் அந்த வேலையை ஒப்படைக்கவும் இல்லை. சாவு வீட்டில் சிலர் அழுவார்கள், சிலர் செலவைப் பார்ப்பார்கள், சிலர் ஓரமாக நின்று சொத்தைப் பற்றிக் கிசுகிசுப்பார்கள். பெரியப்பாவுக்கு அழுகை வராது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் வராது. அதனால் இதை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். குச்சி எத்தனை வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்காக வீடு முழுக்கச் சுற்றிப் பேரப்பிள்ளைகளை விசாரிப்பார். "சின்னவன் ஊட்டுப் புள்ளைங்க வந்துச்சா? கைக்கொழந்தைக்கும் ஒண்ணு கட்டணும், அம்மாக்காரி சேத்துப் புடிச்சிக்கும்" என்பார். நாட்டில் பிள்ளை பிறப்பது குறைகிறது என்று இப்போது செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பெரியப்பாவுக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது. அவர் கட்டுகிற குச்சிகள் குறைந்துகொண்டே வந்தன.

என் தாத்தா, அதாவது பெரியப்பாவின் அப்பா, இறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். விக்கிரவாண்டியிலிருந்து உள்ளடங்கிய ஊர். தாத்தாவின் அண்ணன் தம்பிகள் வழியில் வந்த பேரப்பிள்ளைகளையும் சேர்த்து வீட்டுக்குள் நிற்க இடமில்லை. கட்டி வைத்த குச்சிகள் போதாமல் பெரியப்பா வேலியில் போய் ஒடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு வரிசையாக நின்றோம். புகையில் எல்லோருக்கும் கண்ணீர் கொட்டியது. அழாதவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. "டேய், முன்னாடி நிக்கிற பொண்ணு முடிய பாத்துக்கினு புடிங்கடா. கைய மேல தூக்கு. இன்னும் தூக்கு" என்று பெரியப்பா எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தவர் என் அப்பாவிடம் சொன்னார்: "நம்ம அப்பா ராஜாவாட்டம் போனாருடா. அந்த வெளிச்சத்துல மூஞ்சியே தெரியல. எனக்கெல்லாம் அவ்ளோ வாணாம். ஒரு நாலு புள்ளைங்க நின்னா போதும்." எங்கள் குடும்பத்திலேயே எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர் அவர். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

நாலு பேர் என்பது அன்றைக்கு ஓர் அடக்கமான ஆசை. எதிர்காலத்தில் அது பேராசையாகிவிடும் என்று யார் கண்டது? பெரியப்பாவுக்கு ஒரே பையன், எனக்கு அண்ணன் முறை. என் அப்பாவுக்கு நான் ஒருவன். இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. ஒரு பிள்ளை என்றால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடலாம், தன்னைப் போல வெயிலில் நிற்காமல் ஃபேனுக்குக் கீழே உட்கார வைக்கலாம் என்று பெரியப்பா நினைத்தார். அந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் அதே கணக்கைப் போட்டது. தன் பிள்ளை மண் சுமக்கக் கூடாது என்று ஒரு மேஸ்திரி நினைப்பதை எந்த நியாயத்தைக் கொண்டு குறை சொல்வது? அண்ணன் நன்றாகப் படித்தான். எஞ்சினியர் ஆனான். முதலில் சென்னை, அப்புறம் பெங்களூரு, கடைசியில் கனடா. ஒவ்வொரு ஊருக்கும் சம்பளம் கூடிற்று, திண்டிவனத்துக்கு வருகிற நாள் குறைந்தது.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அங்கே வீட்டு வாடகைக்கே ஒருவர் சம்பளம் போய்விடுகிறதாம். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு இன்னொரு வாடகை. பெற்றுவிட்டு யாரிடம் விடுவது என்று அண்ணன் கேட்டான். "இங்க கொண்டாந்து உடு" என்று பெரியப்பா ஒரு தடவை சொன்னார், அண்ணன் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீடியோ அழைப்பில் அவர்கள் வளர்க்கும் பூனையைக் காட்டுவார்கள். "பூனைக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிக்கிறாங்கடா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் அப்படியே கையில் வைத்திருப்பார்.

என் கதை இன்னும் சுருக்கம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. விழுப்புரத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பெண் பார்க்க அலைந்தார். வளவனூரில் ஒரு வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து நன்றாகத்தான் உபசரித்தார்கள். பெண்ணின் அப்பா மெதுவாக, "மாப்பிள்ளைக்கு வேலை பர்மனெண்டுங்களா?" என்று கேட்டார். பெரியப்பா, "ஆயிடும்ங்க" என்றார். அது ஆகவில்லை. சம்பளம் ஒரு மாதிரியாக நிமிர்ந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் நாற்பதை ஒட்டித்தான் தாலி கட்டினார்கள், கட்டியவர்களும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் ஒன்றும் சந்நியாசி ஆக நினைத்தவன் இல்லை. சாயங்காலம் அறைக்குத் திரும்பி விளக்கைப் போடும்போது யாராவது உள்ளே இருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கும் தோன்றும்.

என் அப்பா போனபோது பந்தம் பிடிக்கப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். பெரியம்மா போனபோது அண்ணன் கனடாவிலிருந்து ஓடி வந்து கொள்ளி வைத்தான். பந்தம் பிடிக்க இருந்தவள் ஒருத்தி மட்டுமே. பெரியப்பாவின் ஒரே தங்கையான என் அத்தையின் பேத்தி, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா தன் மனைவிக்காக உட்கார்ந்து ஒரே ஒரு குச்சிக்குத் துணி சுற்றினார். கிழித்த வேட்டி முக்கால்வாசி மீந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன்.

பெரியம்மாவுக்குப் பிறகு மாடி வீட்டை வாடகைக்கு விட்டார். வந்தவன் பீகாரி, டைல்ஸ் போடுகிறவன். இதற்கும் ஒரு முன்கதை உண்டு. பெரியப்பாவிடம் வேலை செய்த உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொருவராக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அங்கேயும் கான்ட்ராக்ட்தான், ஆனால் சட்டையில் அழுக்குப் படாது. சித்தாள் கிடைக்காமல் பாதிக் கட்டடங்கள் நின்றன. அப்புறம் வடக்கேயிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு செங்கல்ல எடுத்தாடான்னு சொல்றதுக்குள்ள பேஜாரா பூடுதுடா. கையக் காட்டி, காலக் காட்டி, டான்ஸ் ஆடிக்கினு இருக்கேன்" என்று புலம்பினார். நாளடைவில் அவர்கள் இல்லாமல் ஒரு சுவரும் எழும்பாது என்றானது. இந்த டைல்ஸ்காரனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சொந்தக்காரர்கள் அவனை இந்திக்காரன் என்பார்கள். பெரியப்பா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அவன் ஊரிலிருந்து மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தான். அடுத்தது பையன், திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிறந்தான். பெரியப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து பக்கத்திலிருந்த அரசுப் பள்ளியில் சேர்ந்தது. சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை, "இந்த மாதிரி புள்ளைங்க வர்றதாலதான்ங்க எங்க ஸ்கூலு ஓடுது" என்று சொன்னாராம். அவளுடைய தமிழ் அச்சு அசல் திண்டிவனம். "தாத்தா, ஜல்தியா வாங்க, ஐஸ் வண்டி பூடப் போவுது" என்று அவள் மாடியிலிருந்து கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். சாயங்காலம் மாடிப்படியில் பெரியப்பாவும் இரண்டு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்பார்கள். உரிப்பது இவர், தின்பது அவர்கள். அதன் பிறகு மேலே போய்ப் பீகாரில் இருக்கும் தங்கள் தாத்தாவோடு போனில் பேசுவார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். "அங்க ஒரு தாத்தா காத்துக்கினு இருப்பாரு போல" என்று சொல்லிவிட்டுத் தோலைக் கூட்டி அள்ளுவார். ஒரு முறை என்னிடம், "என் புள்ள எவன் ஊட்டு மாடிலயோ கிறான், எவன் புள்ளையோ என் ஊட்டு மாடில கிறான். நல்லா கீதுடா நாயம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நான் வாரக் கடைசியில் விழுப்புரத்திலிருந்து அவரைப் பார்க்கப் போவேன். அப்படிப் போன ஒரு நாள் முற்றத்தில் ஒரு காட்சியைப் பார்த்தேன். அந்தப் பெண் கையில் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். பக்கத்தில் தம்பிக்காரன், அவனுக்கும் ஒரு குச்சி. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் தூக்கு. கை நோவுதா? நோவட்டும், கொஞ்ச நேரம்தான்" என்கிறார். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டு, "சும்மா வெளையாட்டு" என்றார். பிள்ளைகள் மாடிக்கு ஓடியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் கேட்டு வெச்சிக்கிறேன்டா. தாத்தாக்கு பந்தம் புடிப்பியாம்மான்னேன். புடிக்கிறேன் தாத்தான்னுச்சி. நாலு இல்லன்னா இன்னா, ரெண்டு போதும்." அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றுக்கு இரண்டு குச்சிகளில் வழி பண்ணிவிட்டார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகவே பட்டது.

ஒரு மார்ச் மாதம், காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாடியிலிருந்தவன்தான் எனக்கு போன் செய்தான். "சார், பெரியவர் பேசல சார்" என்று மட்டும் சொன்னான். நான் பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் அவனே ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, தெருவில் பந்தல் போட்டு, நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு போன் செய்தேன். அவன் அங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். இப்போது வெளியே வந்தால் திரும்பி உள்ளே போக முடியாமல் ஆகலாம். அதைச் சொல்ல முடியாமல் சொல்லி விம்மினான். "எனக்காக வெச்சிக்கினு இருக்காதீங்கடா, நீயே எல்லாம் பண்ணிடு" என்றான். மகன் முறையில் நானே கொள்ளிச்சட்டி தூக்குவது என்று முடிவானது.

பங்காளிகள் வந்தார்கள். என் வயதுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், பிள்ளைகள் இல்லாமல். ஒருவனின் பையன் ஹாஸ்டலில், ஒருவனின் பெண் துபாயில், மற்றவர்கள் வீட்டில் பொதுத்தேர்வு. இருப்பதே ஒன்று, அதுவும் பரீட்சை நேரம், சாவு வீட்டுக்கு எப்படிக் கூட்டி வருவது? கேட்டவர்கள் எல்லோரும் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். அத்தையின் பேத்திக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் சொந்தத்தில் பல வருஷம் கழித்து வரப்போகிற பிரசவம், அவளை வாசல்படி தாண்ட விடுவார்களா? நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பெரியப்பாவின் வேட்டி ஒன்றைக் கிழித்தேன். அவர் செய்ததைப் போலவே இரண்டு குச்சிகளுக்குச் சுற்றினேன். யாருக்காக என்பது எனக்குத் தெரியும். துக்கத்திலும் ஒரு திருப்தி இருந்தது.

தூக்குகிற நேரம் வந்தது. சடங்கு செய்ய வந்தவர், "பேரப்புள்ளைங்க வாங்கப்பா, நெய்ப்பந்தம்" என்று குரல் கொடுத்தார். ஒருவரும் அசையவில்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மாடியைப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண் தானாகவே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்துவிட்டாள். நேரே என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். நான் குச்சியைக் கொடுத்தேன். பெரியப்பா சொன்னதற்கு மேலேயே தூக்கிப் பிடித்தாள். "ஆமா, இதுங்களே புடிக்கட்டும், இதுங்களும் தாத்தான்னுதான கூப்புட்டுச்சிங்க" என்று பெரிய பங்காளி ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் "ஆமா ஆமா" என்றார்கள். யாரோ தீப்பெட்டியை உரசினார்கள்.

பாடையின் முன்பக்கம் தோள் கொடுக்கத் தயாராக நின்றவன் அவளுடைய அப்பா. அவன் ஓடி வந்து அவள் கையிலிருந்த குச்சியைப் பிடித்துக்கொண்டான். பிடுங்கவில்லை, பிடித்துக்கொண்டான். "வேணாம் சார்" என்றான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். "எங்க வீட்ல இது பண்ண மாட்டாங்க சார். பசங்க தாத்தா அங்க உயிரோட இருக்காரு. அவரு இருக்கும்போது தாத்தான்னு நெருப்பு புடிச்சா அவருக்கு ஆகாது சார்." பெரிய பங்காளிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாடகை கூட ஏத்தாம புள்ளையாட்டம் வெச்சிக்கினு இருந்தாருடா உன்ன. ஒரு நிமிஷம் புடிக்கிறதுக்கு இன்னாடா?" என்று அதட்டினார். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, பிடித்த குச்சியை மட்டும் விடவில்லை. அந்தப் பெண், "நான் தாத்தாகிட்ட புடிக்கிறேன்னு சொல்லிக்கிறேன்பா" என்று தமிழிலேயே அவனிடம் கெஞ்சினாள். அவன் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அவள் மெல்லக் கையைத் தளர்த்தினாள். அவன் மனைவி வந்து இரண்டு பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த நேரத்தில் எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தை மறைக்கப் போவதில்லை. செத்துப்போன மனிதனுக்குச் செய்யாத மரியாதையை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். சடங்கு செய்கிறவருக்கு மட்டும் எந்தப் பதற்றமும் இல்லை. என் காதருகே வந்து, "கவலப்படாதீங்க சார். இப்பல்லாம் முக்கால்வாசி ஊட்டுல இதே கததான்" என்றார். தன் பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்தார். பாடையின் தலைமாட்டில் அதை வைத்து, இரண்டு பந்தங்களையும் செருகி, அவரே கொளுத்தினார். இரண்டும் நன்றாக எரிந்தன. யாருடைய கையும் நடுங்கவில்லை, யாருடைய முடியும் பொசுங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. எத்தனை வீடுகளுக்கு அந்தக் கட்டை போய் வந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் தூக்கிக்கொண்டு வந்தவன் அந்த டைல்ஸ்காரன்தான். நான் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வீட்டை விற்பதா வைப்பதா என்று அண்ணனால் முடிவு செய்ய முடியவில்லை. அதுவரை என்னை அங்கேயே இருக்கச் சொன்னான். நான் விழுப்புரம் அறையைக் காலி செய்துவிட்டுப் பெரியப்பாவின் வீட்டில் ஒற்றை ஆளாகக் குடியேறினேன். காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். மாடியில் பிள்ளைகளின் சத்தம் முன்பு போல இல்லை. படியில் வந்து உட்காருவதும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரே வீட்டின் இரண்டு தளங்களில் இருந்துகொண்டு, தண்ணீர் மோட்டார் போடுவதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை என்று ஆனது. அவனுக்கு அந்த நாள் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பது கோபம் வடிய வடியத்தான் எனக்குப் புரிந்தது. தன் அப்பாவை விட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு, அவருக்காக இங்கிருந்து செய்ய முடிந்தது அந்தப் பந்தத்தைத் தடுப்பது ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் அவன் போனைக் கையில் பிடித்தபடி கீழே வந்தான். கூடவே பிள்ளைகளும் வந்தார்கள். "சார், எங்கப்பா பேசணும்ன்றாரு" என்றான். திரையில் ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு மாடு, அதற்கும் பின்னால் செங்கல் பூசாத சுவர். மகன் அனுப்புகிற பணத்தில் பாதி எழும்பி நிற்கிற வீடு என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டு மளமளவென்று பேசத் தொடங்கினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் யாரையோ திட்டுகிறார் என்பது புரிந்தது. போனைப் பிடித்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னய திட்றாரு சார்" என்றான். "இவ எல்லாம் சொல்லிட்டா. நான் சொல்லல, இவதான் சொல்லிட்டா." அந்தப் பெரியவர் பெரியப்பாவின் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். மாலை போட்ட படத்தை வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் குரலை இறக்கி, மெதுவாக, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பெண்தான் சொன்னாள். "எங்க தாத்தா சொல்றாரு, அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதாம். ரெண்டு புள்ளைங்கள ஒரு நாளு அந்தத் தாத்தாக்கு குடுத்திருப்பேன்றாரு. எனக்கு ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாமேன்றாரு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா அந்தச் சிறுமியிடம் கேட்டு வைத்திருந்தார். பங்காளிகள் அவள் அப்பனை அதட்டினார்கள். நான் கேட்காமலே இரண்டு குச்சிகளுக்குத் துணி சுற்றினேன். அந்தப் பிள்ளைகளின் தாத்தா ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தினமும் அவரோடு அவர்கள் பேசுகிற சத்தம் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவரிடம் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.